கைவிளக்கு

பத்துப்பாட்டினுள் ஒன்றாகிய முல்லைப்பாட்டு, கார்காலத்துக் காட்டில் அமைந்த பாசறை ஒன்றை நம் கண்முன் நிறுத்துகின்றது. பகைமேற் சென்ற வேந்தன், காட்டாற்றின் பக்கத்தே புதர்களை அகற்றி, முள்வேலி கோலி, படையுடன் தங்கியிருக்கின்றான். காலம் நள்ளிரவு, தூறலோடு கூடிய காற்று அசைந்து வீசுகின்றது. அங்கே இடைக்கச்சில் வாள் செருகிய மகளிர் சிலர், நெய் வார்க்கும் குழாயும் நீண்ட திரியும் உடையவராய் விளக்குகளைப் பேணுகின்றனர். விளக்கு அணையுந்தோறும் அதனை மீண்டும் ஏற்றுதலே அவர் தொழில். யானையையும் வில்லையும் காவலரையும் பாடிய புலவர் நப்பூதனார், இச்சிறு தொழிலையும் விடாது பாடியிருக்கின்றார். வெட்டவெளியில் ஏற்றிய விளக்கு அணைந்தே தீரும் என்பதும், அணைந்தவுடன் ஏற்றுவதற்கு ஒருவர் அருகில் இருத்தல் வேண்டும் என்பதும் அக்காலத்தார் நன்கறிந்த செய்திகளாகும்.

இக்காலத்தில் காட்டிலும் மலையிலும் தங்கச் செல்வோரிடம் அம்மகளிர் இலர். கையில் இருப்பது ஒரு மின் கைவிளக்கு. அதனை ‘டார்ச்சு விளக்கு’ என்று நகரத்தாரும், ‘பேட்டரி லைட்டு’ என்று சிற்றூராரும் வழங்குவர். அதனுள் இடும் மின்கலத்திற்குக் ‘கட்டை’ என்பது மக்கள் இட்ட பெயர். இரண்டு கட்டை விளக்கு, மூன்று கட்டை விளக்கு என்று கட்டையின் தொகையைக் கொண்டே விளக்கின் ஆற்றலை மதிப்பர். இவ்விளக்கு காற்றில் அணைவதில்லை, புகைவதில்லை, கூரையைப் பற்றுவதுமில்லை. ஆயினும் இதுவும் அணையும். அணைவதற்கு உரிய காரணங்கள் மட்டும் வேறு. அக்காரணங்களை அறிந்து வாங்குகின்றவனே நல்ல விளக்கை வாங்கியவன் ஆவான். கடையில் எது கண்ணைக் கூசச் செய்கின்றதோ அதனை வாங்குகின்றவன், கடைக்காரனுடைய விருப்பத்தை நிறைவேற்றியவனே ஆவான்.

கைவிளக்கு தோன்றிய வரலாறே இவ்வுண்மைக்குச் சான்று. பிரான்சு நாட்டு லெக்லான்சே என்பார் 1866-இல் துத்தநாகம், கரி, மாங்கனீசு டைஆக்சைடு, நவச்சாரக் கரைசல் ஆகியவற்றைக் கொண்டு ஒரு மின்கலம் அமைத்தார். கரைசல் தளும்புவதாகலின் அதனைக் கையில் ஏந்தித் திரிதல் இயலாது. செருமானியராகிய கார்ல் காஸ்னர் என்பார் 1886-இல் அக்கரைசலைப் பாரிஸ் சாந்தோடு கலந்து பசையாக்கித் துத்தநாகப் புட்டியுள் அடைத்தார். கவிழ்த்தாலும் சிந்தாத மின்கலம் அன்று பிறந்தது. அதன்பின் நியூயார்க்கு நகரில் வாழ்ந்த டேவிட் மிசெல் என்னும் ஆங்கிலேயர், தாளாலும் நாராலும் ஆகிய ஒரு குழாயுள் இத்தகைய மின்கலங்களை வரிசையாக இட்டு, முன்னே சிறு குமிழ்விளக்கும் பித்தளை ஆடியும் பொருத்தி, 1899-ஆம் ஆண்டு சனவரித் திங்களில் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். அவ்வுரிமையை ஏற்றுக்கொண்ட நிறுவனத்தின் தலைவர், உருசியாவிலிருந்து குடிபெயர்ந்த கான்ராட் ஹூபர்ட் என்பவர். அந்நிறுவனமே பிற்காலத்தில் ‘எவரெடி’ என்னும் பெயரால் உலகெங்கும் அறியப்பட்டது. முதலில் செய்த விளக்குகள் சிலவற்றை நியூயார்க்குக் காவலர்க்கு அளித்து, அவர் தம் பாராட்டுரையையே விளம்பரமாக்கினர்.

அந்நாளைய மின்கலம் தொடர்ந்து மின்னோட்டம் தரமாட்டாது. சிறிது நேரத்திலேயே சோர்ந்துவிடும். ஆதலால் பொத்தானை அழுத்திக் கணப்பொழுது ஒளிவீசச் செய்து, உடனே விட்டுவிடுதல் வேண்டும். ‘பளிச்சிடும் விளக்கு’ எனப் பொருள்படும் ஆங்கிலப் பெயர் அதற்கு வாய்த்தது இக்குறையினாலேயே ஆகும். பெருமையால் வந்த பெயர் என்று பலர் கருதுவர். உண்மையில் அது சோர்வால் வந்த பெயர்.

அக்குறை இரண்டு வழியாகத் தீர்ந்தது. மின்கலம் வலிமை பெற்றது ஒன்று; மின்சாரத்தை வீணாக்காத ஒளிமூலம் கிடைத்தது மற்றொன்று. பழைய குமிழில் டங்ஸ்டன் இழை சூடேறிச் சுடர்ந்தது. அது உண்ட ஆற்றலில் நூற்றுக்கு ஐந்து பங்கேனும் ஒளியாயிற்றென்று கூறுதல் அரிது; எஞ்சியது வெப்பமாய்க் கழிந்தது. கீழே விழுந்தால் இழை அறுந்துவிடும். இப்பொழுது அவ்விடத்தை எல்.இ.டி. எனப்படும் ஒளியுமிழ் இருமுனையம் பற்றிக்கொண்டது. அதில் இழையும் இல்லை. உடையும் கண்ணாடிக் குமிழும் இல்லை. சிவப்பு ஒளி தருவது 1962-இலேயே வந்துவிட்டதெனினும், நீல ஒளி தருவது வாராமையால் வெண்மை ஒளி பெற வழியில்லாதிருந்தது. சப்பானியராகிய அகசாகி, அமானோ, நகாமுரா ஆகியோர் அதனையும் அடைந்தனர். 2014-ஆம் ஆண்டின் இயற்பியல் நோபெல் பரிசு அவர்கட்கு வழங்கப்பெற்றது. நீல ஒளியின்மேல் மஞ்சளாக ஒளிரும் பூச்சொன்றைப் பூசினால் இரண்டும் கலந்து வெண்மையாகத் தோன்றும். இன்றைய கைவிளக்கின் ஒளி அவ்வாறு பிறப்பதே.

இனி, விளக்கைத் தேரும் முறையை நோக்குவோம். ஒரு விளக்கு நான்கு பக்கமும் வெளிவிடும் ஒளியின் மொத்த அளவை ‘லூமென்’ என்னும் அலகால் கூறுவர். ஒரு மெழுகுவத்தி தருவது ஏறத்தாழ 12 லூமென். பழைய 60 வாட் குமிழ்விளக்கு ஓர் அறைக்குத் தந்தது 700 முதல் 800 லூமென் வரை. இன்று கைக்கு அடக்கமான விளக்குகளின் பெட்டிமேல் 1,000 என்றும் 2,000 என்றும் பொறித்திருக்கக் காண்கின்றோம். சில பெட்டிகளின்மேல் அதற்கும் பன்மடங்கு மிகுந்த எண்கள் காணப்படும். அவற்றுட் பல வெறும் எழுத்தே. எண் மெய்யாகவே இருப்பினும், அவ்வொளி எத்துணை நேரம் நிற்கும் என்பதை அன்றோ முதலில் வினவுதல் வேண்டும்?

இதற்கு ஒரு சிறு கணக்குப் போதும். இரண்டு மின்னேற்றக் கட்டைகள் உள்ள விளக்கு ஒன்றைக் கொள்வோம். ஒவ்வொரு கட்டையும் 1.2 வோல்ட்டு அழுத்தமும் 2,000 மில்லி ஆம்பியர்-மணி கொள்ளளவும் உடையது. இரண்டின் ஆற்றலும் சேர்ந்து 4.8 வாட்-மணி. நல்ல எல்.இ.டி. ஒன்று, ஒரு வாட்டிற்கு 100 லூமென் ஒளியை எளிதில் தரும். ஆகவே அக்கட்டைகளுள் இருப்பது 480 லூமென்-மணி. இடையில் வீணாவதைக் கழித்தால் 400 என்று கொள்ளலாம். அந்த 400 ஒரு குடத்து நீர் போன்றது. 400 லூமெனாக வார்த்தால் ஒரு மணி நேரத்தில் குடம் வறிதாகும். 100 லூமெனாக வார்த்தால் நான்கு மணி நேரம் வரும். 20 லூமெனாகச் சொட்டவிட்டால் இருபது மணி நேரம் வரும். இரவொன்றுக்கு நான்கு மணி நேரம் எனின், ஐந்து இரவுகள் ஓடிவிடும். ஒரே விளக்கு, அதே கட்டைகள். முதல் இரவில் உணவு முடியுமுன்னரே அணைவதும் ஐந்தாம் இரவிலும் துணை நிற்பதும் ஏந்தியவன் செய்கையைப் பொறுத்தன. ஆகவே ஒளியைக் குறைத்துக்கொள்ள வழியில்லாத விளக்கு, எத்துணைப் பேரொளி தரினும், நெருக்கடிக்கு உதவாது. குறைந்த ஒளி, நடுத்தர ஒளி, மிக்க ஒளி என மூன்று நிலை இருத்தல் போதும். சுழன்று மின்னியும் நிறம் மாறியும் காட்டும் பத்து நிலைகள் சிறுவர் விளையாட்டிற்கே ஏற்றவை. இருளில் வேண்டிய நிலையைத் தேடிப் பொத்தானைப் பன்முறை அழுத்துகின்றவன் அவற்றின் கொடுமையை அறிவான்.

பெட்டிமேல் அச்சிடும் எண்களை ஒரு நெறிக்கு உட்படுத்த, அமெரிக்காவில் 2009-இல் ‘ஆன்சி எஃப்.எல்.1’ என்னும் அளவைமுறை ஏற்பட்டது. அதனைப் பின்பற்றும் விளக்கின் எண்களை ஒருவாறு நம்பலாம். ஆயினும் அதனையும் பொருளறிந்தே படித்தல் வேண்டும். விளக்கு எரியும் நேரம் என்று அம்முறை கூறுவது, தொடக்கத்து ஒளி பத்தில் ஒரு பங்காகத் தேயும் வரை செல்லும் நேரத்தையே. 1,000 லூமென், 5 மணி நேரம் என்றால், ஐந்து மணி நேரமும் ஆயிரம் என்பது பொருளன்று. சில நிமிடங்களிலேயே சூட்டிற்கு அஞ்சி ஒளியைத் தாழ்த்திக்கொள்ளும் விளக்குகள் மிகப் பல. ஒளி எட்டும் தொலைவு என்று அம்முறை கூறுவதோ, முழுநிலவு தரும் அளவிற்கு ஒளி மெலியும் இடத்தையே. 200 மீட்டர் எட்டும் என்றால், அவ்விடத்தில் நிற்பவன்மேல் நிலவொளி அளவே விழும்; அவன் முகம் தெரியும் என்று எண்ணுதல் கூடாது. தொலைவை இரட்டிக்க வேண்டுமாயின் ஒளியை நான்கு மடங்காக்குதல் வேண்டும் என்பது ஒளியியல் விதி. ஆகவே தொலைவை நாடுவோர் மின்கலத்தை விரைந்து இழப்பர்.

தொலைவும் அகலமும் ஒரே விளக்கிற் சிறத்தல் அரிது. ஆழ்ந்த குழியாடியுள் பொருத்திய விளக்கு, ஒளியை ஈட்டி போல் நீள எறியும். வயலின் மறுகோடியில் நிற்கும் மாட்டைக் காணவும், வெள்ளத்தில் தத்தளிப்பவரைத் தேடவும் அது வேண்டும். காலடி காண்பதற்கு அது பொருந்தாது. கண் கூசும் வட்டம் ஒன்றும், அதனைச் சுற்றி முன்னினும் மிக்க இருளுமே தோன்றும். கோயமுத்தூர் மாவட்டத்து வெள்ளியங்கிரி மலையில் ஏறுவோர் நிலை இதற்கு நல்ல காட்டு. மாசி, பங்குனி, சித்திரைத் திங்கள்களில் பூண்டி அடிவாரத்திலிருந்து புறப்பட்டு, பகல் வெயிலுக்கு அஞ்சி இரவிலேயே ஏழு மலைகளையும் ஏறுவோர் பலர். படிகள் ஓரிடத்தில் ஒழுங்காகவும் ஓரிடத்தில் சிதைந்தும் கிடக்கும். அப்பால் வெறும் பாறையும் சறுக்கு மண்ணும் வரும். ஒரு கையில் மூங்கிற்கோல். மற்றொரு கை பாறையைப் பற்றுதற்கு வேண்டும். விளக்கை எக்கையில் ஏந்துவது? அத்தகைய வழிக்கு நெற்றியிற் கட்டும் விளக்கே தக்கது. ஆயினும் அதிலும் ஒரு குறை உண்டு. ஒளியும் கண்ணும் ஒரே இடத்தினின்று புறப்படுதலால் கல்லின் நிழல் கல்லுக்குப் பின்னே மறைந்துவிடும். மேடு பள்ளம் யாவும் தட்டையாகத் தோன்றும். இடுப்பளவில் தாழப் பிடித்த விளக்கோ நிழலை நீளச் செய்து, சிறு கல்லையும் பள்ளத்தையும் விளங்கக் காட்டும். இதனை அறிந்தவர், இறங்கும்போது நெற்றி விளக்கைக் கழற்றி இடைவாரில் கட்டிக்கொள்வதுண்டு.

ஒளியின் நிறத்தையும் சிறிது கருதுதல் வேண்டும். மலிவான விளக்குகளின் ஒளி நீலஞ் சாய்ந்த வெண்மையாயிருக்கும். அதில் சிவப்புக் கூறு குன்றியிருத்தலால், சருகின் பழுப்பும் பாம்பின் பழுப்பும் ஒன்றுபோலத் தோன்றும். சற்று மஞ்சள் சாய்ந்த ஒளியில் நிறவேறுபாடு நன்கு புலனாம். மூடுபனியிலும் மழையிலும் பேரொளியை ஏவினால், நீர்த்துளிகளே அதனைத் திருப்பி நம் கண்ணில் எறிந்துவிடும். இருளுக்குப் பழகிய கண் ஒரு செல்வம். அது பழகுதற்கு ஏறத்தாழ அரைமணி நேரம் ஆகும். பேரொளியைக் கணப்பொழுது கண்டால் அச்செல்வம் அழிந்துவிடும். கூடாரத்தினுள் ஒரு பொருளைத் தேடுவதற்குச் சிவந்த மங்கலொளி கொள்வது இதனாலேயே.

இனி மின்கலம். விளக்கின் உயிர்நிலை இதுவாகலின் இதனைச் சற்று விரித்துக் கூறுதல் தகும். கடைகளில் மலிவாகக் கிடைக்கும் துத்தநாகக்-கரிக் கட்டை, சிறிது மின்னோட்டத்தை இடைவிட்டுக் கொள்ளும் சுவர்க்கடிகாரத்திற்கு ஏற்றது. அதன் புட்டியே துத்தநாகம். மின்சாரம் தருந்தோறும் அப்புட்டியே அரிக்கப்படும். அரிப்பு முற்றினால் உள்ளிருக்கும் பசை கசிந்து, விளக்கின் வில்லையும் தகட்டையும் பூத்துப் போகச் செய்யும். ஆண்டுக்கணக்கில் பெட்டியுள் கிடந்த விளக்கை நெருக்கடியில் எடுத்துத் திறந்தவர், வெண்பொடியும் பச்சைக் களிம்பும் கண்டு வருந்துவது இக்கசிவினால்தான். காரக் கட்டை, அதாவது ‘ஆல்கலைன்’ என்று பெயர் பொறித்தது, விலை மிக்கதேனும் மிகுந்த நேரம் உழைக்கும். ஆயினும் நெடுநாள் உள்ளேயே விட்டுவைத்தால் இதுவும் கசிவதுண்டு. மின்னேற்றம் செய்ய இயலாத இலித்தியக் கட்டை என ஒன்று உண்டு. அது எடை குறைந்தது, குளிரிலும் சோராதது, பத்தாண்டு கிடந்தாலும் பெரும்பாலும் கெடாதது. விலைதான் மிகுதி. நெருக்கடிக்கென்று எடுத்து வைக்கும் விளக்கிற்கு அதனினும் தக்கது வேறில்லை எனலாம்.

மின்னேற்றம் செய்யும் வகையிலும் வேறுபாடு உண்டு. சுவர்த்துளையில் நேரே செருகி மின்னேற்றும் பெரிய கைவிளக்குகள் பலவற்றுள் ஈய-அமிலக் கலம் இருக்கும். அதனை வறிதாக்கிய நிலையிலேயே சில திங்கள் விட்டுவைத்தால், ஈயத் தகடுகளில் உப்புப் படிந்து இறுகி, கலம் மீளாது கெடும். பயன்படுத்தாவிடினும் திங்கள்தோறும் மின்னேற்ற வேண்டிய விளக்கு அது. இலித்திய-அயனிக் கலம் இவ்வகையில் சிறந்தது. பல திங்கள் கிடந்தாலும் ஏற்றிய மின்சாரத்தில் பெரும்பகுதி அதனிடம் நிற்கும். அவற்றுள் பெருவழக்காயுள்ளது ‘18650’ எனப்படுவது. இவ்வெண் புதிரன்று, கலத்தின் விட்டம் 18 மில்லிமீட்டர், நீளம் 65 மில்லிமீட்டர் என்பதே அதன் பொருள். இவ்வளவுடைய நல்ல கலத்தின் கொள்ளளவு 3,500 மில்லி ஆம்பியர்-மணியை ஒட்டியே இருக்கும். 9,900 என்று மேலட்டையில் அச்சிட்ட கலங்கள் மலிவாக விற்கப்படுகின்றன. அவ்வெண்ணை அச்சிட்டவனுக்குப் பிற பொருள்களிலும் அஞ்சத்தகும் என்று விலகுதலே அறிவுடைமை. இவ்வகைக் கலத்தைச் சாவிக்கொத்தோடு சட்டைப்பையில் இடுதலும், வெயிலில் நிறுத்திய வண்டியுள் விட்டுச்செல்லுதலும் தீவிபத்திற்கு இடமாகும்.

எவ்வகையாயினும், பழைய கட்டையோடு புதிய கட்டையைச் சேர்த்து இடலாகாது. வலிமை குன்றிய கட்டையை வலிமை மிக்கது பின்னிருந்து தள்ள, குன்றியது முற்றும் வறிதாகிக் கசியத் தொடங்கும். இணை எருதுகளுள் ஒன்று நொண்டியாயின் ஏர் எவ்வாறு செல்லும் என்பதை உழவர்க்குச் சொல்ல வேண்டுவதில்லை.

மின்னேற்றும் விளக்கு எத்துணைச் சிறந்ததாயினும், மின்சாரமே இல்லாத நாள்கள் பல தொடர்ந்தால் யாது செய்வது? இது வெறும் கற்பனையன்று. 2018-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள் அதிகாலையில் ‘கஜா’ புயல் நாகப்பட்டினத்திற்கும் வேதாரணியத்திற்கும் இடையே கரை கடந்தது. நாகை, திருவாரூர், தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டங்களில் தென்னந்தோப்புகள் வேரொடு சாய்ந்தன. ஓர் இலட்சத்திற்கு மேற்பட்ட மின்கம்பங்கள் விழுந்தன. மின்வாரியத் தொழிலாளர் அல்லும் பகலும் உழைத்தும், உள்நாட்டுச் சிற்றூர் பலவற்றிற்கு மின்சாரம் மீளப் பல வாரங்கள் ஆயின. அவ்விரவுகளில் கைப்பேசியின் விளக்கையே நம்பியிருப்போர் நிலையை எண்ணிப் பார்க்கலாம். ஒளிக்கென்று அதன் மின்கலத்தைச் செலவிட்டால், உற்றார்க்குச் செய்தி கூறவும் மருத்துவ வண்டியை அழைக்கவும் வேண்டிய கருவி ஊமையாகிவிடும். ஆகவே கைப்பேசியை விளக்காகக் கொள்ளாது, தனியே ஒரு கைவிளக்கை வைத்திருத்தல் வேண்டும். அக்கைவிளக்கும், ஊர்க் கடையில் கிடைக்கும் சாதாரணக் கட்டைகளை ஏற்கும் வகையினதாக இருத்தல் நன்று. மிகச் சிறந்த கலத்தைக் கொண்டதாயினும், அக்கலம் நகரத்தில் மட்டுமே கிடைக்குமாயின், வழி அறுபட்ட நாளில் அவ்விளக்கு வெறுங்குழாயே ஆகும். கதிரவன் ஒளியில் மின்னேறும் சிறு பலகை துணையாகலாம். ஆனால் புயலுக்கு முன்னும் பின்னும் வானம் மூடியிருக்கும் நாள்களில் அது பெரிதும் உதவாது. கையால் சுழற்றியோ பிடித்தழுத்தியோ மின்சாரம் ஆக்கும் விளக்குகளும் உண்டு. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் மின்கலம் கிடைத்தல் அரிதாக, நெதர்லாந்து மக்கள் பிலிப்ஸ் நிறுவனம் செய்த அத்தகைய கையழுத்து விளக்குகளைக் கொண்டு இருட்டடிப்புக் காலத்துத் தெருக்களில் நடந்தனர். கை ஓய்ந்தால் ஒளியும் ஓயும் என்பதால், இதனை முதல்விளக்காகக் கொள்ளாது இறுதித் துணையாகக் கொள்ளலாம்.

கடையில் விளக்கைக் கையில் வாங்கியவுடன் செய்யத்தக்க ஆய்வுகள் சில உள. விளக்கை எரியவிட்டு உள்ளங்கையில் மெல்லத் தட்டிப் பார்த்தல் வேண்டும். ஒளி சிமிட்டினால் உள்ளே தொடர்பு தளர்ந்துள்ளது என்பது தெளிவு; அதனை விலக்குக. விளக்குகள் கெடுவது பெரும்பாலும் ஒளிரும் பகுதியால் அன்று. விசை, வில், தகடு ஆகிய தொடர்பிடங்களால்தான். விரலால் தள்ளும் பழைய விசையின் இடுக்கில் நீரும் தூசும் புகும். இரப்பர் மூடிய அழுத்துப்பொத்தான் அவற்றைத் தடுக்கும். ஈரக்கையாலும் அதனை இயக்க முடிதல் வேண்டும். ஆனால் பையினுள் பிற பொருள் உரசித் தானே எரியத் தொடங்குதல் கூடாது. மூடியைத் திருகிப் பார்த்தால் புரி வழுக்கிச் செல்லாது பற்றவேண்டும். புரியின் அடியில் இரப்பர் வளையம் ஒன்று தெரிய வேண்டும். நீர்காக்கும் திறத்தை ‘ஐ.பி.எக்ஸ்.’ என்னும் குறியோடு கூடிய எண்ணால் உணர்த்துவர். 4 என்றால் எப்பக்கம் நீர் தெறித்தாலும் தாங்கும்; 7 என்றால் ஒரு மீட்டர் ஆழ நீரில் அரைமணி நேரம் கிடந்தாலும் தாங்கும். மழையில் நடப்பவர்க்கு முன்னது போதும். ஆறு கடப்பவர்க்கும் வெள்ளம் புகும் ஊரார்க்கும் பின்னதே வேண்டும். மேசையளவு உயரத்திலிருந்து விழுந்தாலும் கெடாமை இன்றியமையாதது. குளிர்ந்த விரலிலிருந்து விளக்கு நழுவாமல் இராது.

வாங்கிய பின்னர் இருக்கும் பணி சிறிதே. ஆயினும் பெரும்பாலோர் தவறுவது அங்கேதான். நெருக்கடிக்கென்று வைத்த விளக்கில் கட்டைகளை இட்டே வைத்தால் கசியும். எடுத்துத் தனியே வைத்தால் இருளில் தேட நேரும். இரண்டிற்கும் இடைப்பட்ட வழி ஒன்று முதியோர் கண்டது: கட்டைக்கும் மூடிக்கும் இடையே கெட்டித்தாளை வட்டமாக நறுக்கி வைத்துவிடுவர். தானே எரிதலும் மெல்ல மின்சாரம் கசிந்தோடுதலும் அதனால் நிற்கும். வேண்டும்போது தாளை உருவினாற் போதும். ஆனால் கட்டையிலிருந்து பசை கசிவதைத் தாள் தடுக்காது. ஆதலின் திங்களுக்கு ஒருமுறை திறந்து நோக்குதல் வேண்டும். களிம்பு சிறிதளவே பிடித்திருந்தால், காரக் கட்டையின் கசிவாயின் எலுமிச்சைச் சாற்றில் தோய்த்த துணியால் துடைத்து, நன்கு உலர்த்திய பின் மீண்டும் பயன்படுத்தலாம். துடைக்கும்போது அப்பொடி கண்ணிலோ கையிலோ படாமல் காத்துக்கொள்க.

ஒற்றை விளக்கால் ஓர் அறை முழுவதற்கும் ஒளி பெறும் வழியும் எளிது. விளக்கைச் செம்பொன்றில் நிமிர்த்தி நிறுத்தி வெண்கூரையை நோக்கி ஏவினால், கூரை அவ்வொளியை எங்கும் பரப்பும். கூடாரத்திலோ ஓலைக் குடிலிலோ கூரை வெண்மையாயிராது. அங்கே நீர் நிறைந்த வெளிர்நிறப் புட்டியை விளக்கின்மேல் வைத்தால், புட்டி முழுவதும் ஒளிர்ந்து அரிக்கேன் விளக்கின் இடத்தை நிரப்பும். சமையல் எரிவாயு கசிந்த மணம் வீசும் வீட்டினுள் மட்டும் கைவிளக்கையும் சுவர்விசையையும் தொடவே கூடாது. விசையில் எழும் சிறுபொறியும் அங்கே தீங்கு செய்யும். கதவு சன்னல்களைத் திறந்துவிட்டு வெளியேறுதலே செய்யத்தக்கது.

மலையில் வழிதவறியோர்க்கு இவ்விளக்கே குரலும் ஆகும். ஒரு நிமிடத்தில் ஆறுமுறை ஒளிகாட்டி, ஒரு நிமிடம் நிறுத்தி, மீண்டும் ஆறுமுறை காட்டுதல் மலையேறுவோர் ஏற்றுக்கொண்ட இடர்க்குறி. அதனைக் கண்டவர் நிமிடத்திற்கு மூன்றுமுறை ஒளிகாட்டி விடையிறுப்பர். கடலில் வழங்கும் மூன்று குறில், மூன்று நெடில், மூன்று குறில் என்னும் குறியும் யாவரும் அறிந்ததே. இதனைச் செய்ய வேண்டியது, பேரொளியைச் சேமித்து வைத்திருக்கும் விளக்கு. மாலையிலேயே அதனை ஊதாரியாகச் செலவிட்டவனிடம் அப்பொழுது குறி காட்ட ஒளி இராது.

வீட்டில் விளக்கிற்கு ஒரே இடம் குறித்தல் வேண்டும். அவ்விடம் எல்லார்க்கும் தெரிதலும் வேண்டும். பூட்டிய பெட்டியினுள் இருக்கும் விளக்கைக் காண்பதற்கு மற்றொரு விளக்குத் தேவைப்படும். கதவு நிலைக்கு அருகே, சிறுவர் கைக்கும் எட்டும் உயரத்தில், ஆணியில் மாட்டுதல் நன்று. பகலிலேயே ஒருநாள் கண்ணைக் கட்டிக்கொண்டு அவ்விடம் சென்று, விளக்கை எடுத்து, மூடியைத் திருகித் திறந்து, தாளை உருவி, கட்டைகளை முனை மாறாது இட்டு, ஒளியேற்றிப் பார்க்கலாம். கட்டையின் நேர்முனையில் சிறு குமிழ் ஒன்று புடைத்திருக்கும், மறுமுனை தட்டையாயிருக்கும். பெரும்பாலான விளக்குகளில் தட்டை முனை வில்லைத் தொடும். விரல் நுனிக்கு இவ்வளவு தெரிந்தாற் போதும்.